மாரியாத்தாவின் கிடாவைப் பவுண்டில் அடைத்த சென்னம்மா

பேரிகைக்குத் தெற்கே காட்டை ஒட்டிய எழுபது வீட்டு ஊர் அது. அங்கே சென்னம்மாவுக்குப் பதவி ஏதும் கிடையாது. காட்டிலாகா வெட்டுக்கு விடும் கூப்பில் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி அவள் புருஷன் முனிவேல். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. முனிவேல் நல்ல மனுஷன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, சென்னம்மா சொன்னதற்கெல்லாம் மிகுந்த பொறுப்புடன் தலையாட்டுவார். சுதந்திரம் வந்து ஏழு வருஷத்தில் சேலம் ஜில்லாவில் இவ்வளவு சிக்கலில்லாத நிர்வாகம் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஊருக்கு மேலிருந்த கிழக்குச் சரிவைக் காட்டிலாகா ஏலம் விட்டது. எடுத்தவர் ஓசூர் ஜமீர் அகமது. பெங்களூர்க்காரர்கள் குளிருக்கு வெந்நீர் போட வேண்டும். அந்தப் புனித காரியத்துக்கு லாரி லாரியாக விறகு போக வேண்டும். ரேஞ்சர் போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: வெட்டு முடிந்து அடுத்த மழைக்குப் பிறகு வந்து பார்ப்பேன், அடிக்கட்டைகள் தழைத்திருக்காவிட்டால் மலை முழுவதையும் மூடித் தைலமரம் வைத்துவிடுவோம், இப்போது ஆடு மேயும் மேற்குச் சரிவில்கூட ஓர் ஆடு ஏறக் கூடாது.

ஊரில் நானூறு ஆடுகள். சென்னம்மாவுக்குப் பதினொன்று. அவள் வீட்டு உலை அந்தப் பதினொன்றை நம்பித்தான் கொதித்தது.

ஆகவே விறகு பெங்களூருக்குப் போக வேண்டும், காடு இங்கேயே இருக்க வேண்டும் என்று சென்னம்மா முடிவு செய்தாள். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சென்னம்மா படிக்கவில்லை.

ஆட்களுக்கு விறகு அடுக்குக்கு இவ்வளவு என்று கூலி. குனியாமல் இடுப்பளவில் வெட்டினால் வேலை ஓடும். ஆனால் அடிக்கட்டை பிளந்து செத்துப்போகும். தரையிலிருந்து ஒரு சாணில், தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்டினால்தான் தளிர் வரும். சென்னம்மா ஒவ்வொரு கட்டையிலும் உட்கார்ந்து பார்த்தாள். உட்காரத் தோதாக இருந்தால் வெட்டு தப்பு.

"டேய் கரியப்பா, இன்னாடா இது? காட்டுல நாக்காலி போட்டு வெச்சிருக்க? கலெக்டர் வராரா?"

"இடுப்பு கழண்டு போவுதுக்கா."

"குனியறதுக்குத்தான்டா சாமி இடுப்பே வெச்சான். திரும்ப வெட்டு."

லாரி காத்து நின்றது. ஜமீர் அகமது வந்தார்.

"சென்னம்மா, நான் மரம் வெட்டச் சொன்னா, நீ அதுக்கு முடி வெட்டிக்கினு இருக்கியே?"

"முடிதான் பாய். திரும்ப வளரணுமில்ல? பன்னெண்டு வருஷம் கழிச்சு ஏலம் எடுக்க உங்க மவன் வருவாரு. மொட்டைக் காட்டைப் பாத்துட்டு என்னையவா, உங்களையவா வைவாரு?"

ஜமீர் பாய் யோசித்தார். மறுநாளிலிருந்து அவரும் கட்டைகளின்மேல் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

மழை வந்தது. தளிரும் வந்தது. ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் கூடியது: கிழக்குச் சரிவில் மூன்று மழைக்கு எந்த ஆடும் ஏறக் கூடாது, ஏறினால் அது, அத்துமீறி மேயும் ஆடுமாடுகளை அடைக்கும் பேரிகை பவுண்டுக்குப் போகும். எல்லோரும் கற்பூரத்தின்மேல் சத்தியம் செய்தார்கள்.

சத்தியம் செய்யாத ஜீவன் ஒன்று இருந்தது. அது சாமி கிடா. முந்தின வருஷம் முனிவேல் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் போதுமென்று சென்னம்மாவே ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்டது. சாமிக்கு விட்ட கிடாவை யாரும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அது நிதானமாகக் கிழக்குச் சரிவில் ஏறி இளந்தளிரை ருசி பார்த்தது. விரட்ட வேண்டிய காட்டிலாகா கார்டு ஆஞ்சப்பன் இரண்டு கையையும் கூப்பி, "தாயே, கொஞ்சம் அந்தப் பக்கமா போம்மா" என்று மனுப் போட்டார். மனு தள்ளுபடி. மறுநாள் கிடாவின் பின்னால் இருபது ஆடுகள் ஏறின. அவற்றில் மூன்று சென்னம்மாவுடையவை.

ரேஞ்சர் வர நாலு நாள்தான் இருந்தது. மற்றவர்கள் தங்கள் ஆடுகளை அவசரமாக ஓட்டிப்போனார்கள். சென்னம்மா தன் மூன்றையும் பிடித்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிடாவின் கழுத்திலும் கயிற்றை மாட்டினாள்.

பவுண்டு குமாஸ்தா கேட்டார்: "கெடா யாருது?"

"மாரியாத்தாளுது."

"புருஷன் பேரு?"

"அதை நீங்களே அவகிட்ட கேட்டுக்குங்க."

திரும்பி வந்தபோது அவள் வீட்டு வாசலில் ஊரே நின்றது. முன்னால் நின்றவள் பூசாரி பெண்டாட்டி நாகம்மா. "சாமியவே ஜெயில்ல போட்டுட்டியேடி! ஊரு வெளங்குமா?"

"கூட்டம் எங்க போட்டோம்? ஆத்தா வாசல்ல. கேட்டுக்கினுதானே இருந்தா? 'என் கெடா மட்டும் போவும்'னு ஒரு வார்த்தை சொன்னாளா? நம்மகூடச் சேந்து அவளும் ஒத்துக்கினா. ஊருக்குப் போட்ட சட்டம் ஊருக்குப் பெரியவளுக்கு இல்லியா?"

ஊர் கலைந்தது. சட்டம் பேசிய சென்னம்மாவுக்குத்தான் உள்ளூரப் பயம். முனிவேல் உயிருக்கு ஈடாக விட்ட கிடா அல்லவா? அந்த நாலு நாளும் அவர் இருமும்போதெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். புகையிலைக் காரத்தில் இருமிய முனிவேலுக்கு இந்தத் திடீர் மரியாதை பிடித்துப்போய், தேவைக்கு மேலேயே இருமினார்.

ரேஞ்சர் வந்தார். சரிவெங்கும் முழங்கால் உயரத் தளிர். ஒரு மூலை மட்டும் மொட்டை.

"இது யார் ஆட்டு வேலை?"

ஆஞ்சப்பன் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"மாரியாத்தா கெடாங்க," என்றாள் சென்னம்மா. "கூடப் போனதுல மூணு என்னுது. பவுண்டுல இருக்குது."

"சாமி கெடாவா? பவுண்டுலயா?"

"ஆமாங்க."

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். "ஆட்டை ஒளிச்சுவெக்கிற ஊரைப் பாத்திருக்கேன். சாமியைப் பிடிச்சுக் குடுத்த ஊரை இப்பத்தான் பாக்கறேன்." மேற்குச் சரிவில் மேய்ச்சல் தொடரலாம், தைலமரம் வேண்டியதில்லை என்று அங்கேயே நின்று எழுதினார்.

மறுநாள் ஊர் பம்பை அடித்துக்கொண்டு பேரிகைக்குப் போய், அபராதம் கட்டிக் கிடாவையும் ஆடுகளையும் மீட்டு வந்தது. சென்னம்மா தன் மூன்று ஆடுகளையும் மேற்கே திருப்பினாள். கிடாவின் கயிறு நாகம்மா கையில் இருந்தது.

"ஊருக்கு வந்தாச்சே, அவுத்து விடேன்," என்றார் பூசாரி.

"சும்மா இருய்யா," என்று நாகம்மா கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "விட்டா கிழக்கால ஓடிடும்."