சட்டைக் காலரில் தம்பியின் பெயர்

சூடான இஸ்திரிப் பெட்டியைத் துரையின் சட்டைக் காலரில் வைத்ததும் கஞ்சி பொசுங்குகிற மணம் எழும்பும். காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் அவர் பெயர் தைத்திருக்கும். அதுதான் என் தம்பியின் பெயரும்.

துரை பிரான்சுக்காரர். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கிற எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு மேனேஜர்; அப்பா அவருடைய கார் டிரைவர். தம்பி பிறக்கிற நேரம், வலியில் துடித்த அம்மாவைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார் துரை. அந்த நன்றியில் அப்பா அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்தார். "எமே." தொட்டிலில் போட்ட அன்று, பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டிய அத்தை, கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எமன் பேர எவளாச்சும் பச்சப்புள்ள காதுல சொல்லுவாளா? வேற பேரே கெடைக்கலியாண்ணே ஒனக்கு?"

அன்று அவன் காதில் யாருமே பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் அவன் வெறும் "தம்பி". லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு "எமா". "டேய் எமா, ஒன் எருமைய எங்கடா கட்டிப்போட்ட?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கோபம் வந்தால் நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆறாம் வகுப்போடு நின்று நான் துரையின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்ததும் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, எம் பேருக்கு என்னா அர்த்தம்னு தொரைய கேளுக்கா. எமன் இல்லன்னு சொன்னா போதும்லா."

"நாளைக்கி கேக்கறேன்டா."

சாப்பாடு தயார் என்று துரையிடம் மலாயில் சொல்வதற்கே எனக்குப் பயம். நாளைக்கு நாளைக்கு என்றே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

மழை மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் போய்விட்டான். பத்து வயது.

சாவு வீட்டுக்கு வந்த துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே அம்மா, "எமன் பேர வச்சி எமனுக்கே குடுத்திட்டியேய்யா" என்று அப்பாவின் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். பெயரின் அர்த்தத்தை அப்பாவும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நான் எழுந்து நேரே துரையிடம் போனேன். அன்றைக்குப் பயம் வரவில்லை. உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மலாயில் கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். லத்தீன் என்ற பழைய பாஷையிலிருந்து பிரெஞ்சுக்கு வந்த பெயர் என்றார். அர்த்தத்துக்கு மலாய்ச் சொல் தேடித் தடுமாறி, கடைசியில் "சாயாங்" என்றார். எல்லாரும் சாயாங் வைத்த பிள்ளை, பிரியம் வைத்த பிள்ளை.

நான் உள்ளே போய்க் குனிந்து, தம்பியின் காதில் மூன்று தரம் அவன் பெயரைச் சொன்னேன்.

துரை ஊருக்குப் போய்விட்டார். பங்களா பூட்டிக் கிடக்கிறது, எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். நாங்கள் இப்போது சுங்கை பெசாரில் இருக்கிறோம். பக்கத்துக் கடை மலாய்க்கார அம்மா பேரனைக் கொஞ்சும்போது "சாயாங்" என்பாள். கைதவறி ஒரு முட்டை விழுந்து உடைந்தாலும், ஐயோ வீணாப்போச்சே என்பதற்கு, அதே "சாயாங்"தான். இரண்டுக்கும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.