சுரண்டிச் சாமியின் கதை

தேயிலை மலையில் புல் செதுக்கும் சுரண்டியைக் கோயில் வாசலில் சார்த்தி வைத்துவிட்டுத்தான் சித்தப்பா பாட ஆரம்பிப்பார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. பதிகமெல்லாம் காதால் கேட்டுப் படித்தது. ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்துக் கோயிலில், வெள்ளிக்கிழமைதோறும் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் பதினொரு பேரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்.

கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிக்கொண்டே பாடிய அடியார் ஒருவரின் படம் அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். மொட்டைத் தலை, உடம்பெல்லாம் திருநீறு, தோளில் நீளக் கம்பு போட்ட ஒரு கருவி. பெரியவர்கள் அதை உழவாரம் என்பார்கள். எங்களுக்கு அது சுரண்டி. அதனால் அவர் சுரண்டிச் சாமி.

"நம்ம ஆளுதான்டா அவரு. தோட்டத்துல ஆள் பேர் பதியிற செக்ரோல்ல அவரு பேரு மட்டுந்தான் இல்ல" என்பார் சித்தப்பா.

பதிகத்தைவிட எனக்குக் கதைதான் பிடிக்கும். ராசா ஆள் அனுப்பியும் போகாதவர். பிடித்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்புச் சூளையில் ஏழு நாள் அடைத்தும் சாகாதவர். யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். எதுவும் பலிக்கவில்லை.

தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் இல்லாததால் அப்பா என்னைக் கீழே சிங்களப் பள்ளியில் விட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடையிலும் பஸ்ஸிலும் எல்லோருக்காகவும் நான்தான் பேசுவேன். அந்தத் திமிர் நிறையவே இருந்தது.

சாமியின் குருபூசைக்கு எண்ணெயும் கற்பூரமும் வாங்க ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பாவும் நானும் மாத்தளைக்குப் போனோம். சண்டைக் காலம். திரும்பும்போது ராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். சித்தப்பா அடையாள அட்டையை எடுத்தபோது படமும் கூடவே வந்து கீழே விழுந்தது. அதிகாரி எடுத்துப் பார்த்தார்.

"யார் இது? கையில் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சாமி, மாத்தயா" என்றார் சித்தப்பா. ஐயா என்கிற அந்த ஒரு சொல்தான் அவருக்குத் தெரிந்த சிங்களம்.

நான் முன்னால் போனேன். பள்ளிச் சிங்களத்தில், தடுமாறாமல், கதையை முழுதாகச் சொன்னேன். ராசாவுக்குப் பயப்படாததை, ஆள் அனுப்பியும் வரமாட்டேன் என்றதை, சூளையை, யானையை, கல்லை. சித்தப்பாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. நன்றாகச் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அதிகாரி கோபப்படவே இல்லை. சிரித்தார்.

"இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

"இவர்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"உனக்கு மட்டுமா?"

பதினொரு பேரின் பெயரையும் சொன்னேன். ஒருவரையும் விடவில்லை. அவர் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு டொபி கொடுத்தார். சித்தப்பாவை விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எண்ணெய்ப் போத்தல் என் மடியில் இருந்தது.

அப்பா கங்காணியோடும் தோட்டத்துச் சங்கத் தலைவரோடும் ராணுவ முகாமுக்கு நடந்தார். அங்கே அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்று சொன்னார்களாம். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. நடந்ததைப் பற்றி என்னிடம் பேசவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, சித்தப்பாவின் சுரண்டியை வாசலில் சார்த்தி வைத்தேன். மணியும் அடித்தேன். பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

சித்தி மட்டும் வந்து படியில் உட்கார்ந்தாள்.

"அந்த மாத்தயாகிட்ட என்னய்யா சொன்ன? சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். அன்றைக்குச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன்.

"சூளைய எத்தனாவது நாளு தொறந்தாங்க?"

"ஏழாவது நாளு, சித்தி. ஒண்ணும் ஆகல. சும்மா உக்காந்திருந்தாரு."

"இன்னைக்கு ஏழு" என்றாள் சித்தி. கீழே பாதையைப் பார்த்தபடி இருந்தாள். சித்தப்பா அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இருட்டுவதற்கு முன் எழுந்து, "நல்லா சொல்றய்யா" என்று என் தலையைத் தடவினாள். சுரண்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள்.

அந்தக் கதையை அவ்வளவு பொறுமையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளும் வந்து கேட்டிருக்கலாமே என்பது மட்டுந்தான் அன்றைக்கு என் குறை.