அடிக்குறிப்பு கேட்ட நூருதீன் பாய்

நூருதீன் பாய் இறந்த செய்தி எனக்கு மூன்று நாள் தாமதமாக, தேக்கா சந்தையில், முருங்கைக்காய்க் குவியலுக்கு அருகில் கிடைத்தது. சொன்னவர் ரேவதி. பள்ளி நூலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர், எங்கள் சனிக்கிழமைக் குழுவில் முதல் நாளிலிருந்து இருப்பவர்.

“அண்ணே, பாய் போய்ட்டாரு. தெரியுமா?”

தெரிந்தவனைப் போலத் தலையாட்டினேன்.

“பொய் சொல்லாதீங்க லா. வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சு அடக்கம் பண்ணிட்டாங்க. உங்களுக்கு யாரு மெசேஜ் போடுறது? நீங்கதான் குரூப்ப விட்டுப் போய் நாலு வருஷமாச்சே.”

கையிலிருந்த காயைக் குவியலிலேயே வைத்துவிட்டேன். பிறகு ரேவதி சொன்ன ஒன்றைக் கடைசியில் எழுதுகிறேன். அதை எழுதத்தான் குழு வெளியிடும் இந்த மலரில் இடம் கேட்டேன்.

பாயை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கலைக்களஞ்சியம் ஒன்றில் தமிழ்க் கட்டுரைகள் எழுதுவதற்காகக் கூடிய குழு எங்களுடையது. சனிக்கிழமை காலையில் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் நான்கைந்து மடிக்கணினிகளுடன் உட்காருவோம். பாய் நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து வந்த குடும்பத்தில் இங்கேயே பிறந்தவர். கப்பல் நிறுவனம் ஒன்றில் நாற்பது வருடம் சரக்கு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் என்பதால் பாலும் சீனியும் இல்லாத தே-ஓ கொசோங் தேநீரைத்தான் குடிப்பார். குடித்துவிட்டு எங்கள் கட்டுரைகளில் ஆதாரம் இல்லாத வரிகளைத் தேடித் தேடி நீக்குவார்.

“பெட்டி எறங்கிடுச்சுன்னு வாயால சொன்னா கப்பல் நகராது. சீட்டு வேணும்” என்பார்.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவன். பதினொரு வருடம் ஆசிரியராக இருந்து, எனக்கு வரவேண்டிய பொறுப்பு இன்னொருவருக்குப் போனதால் வேலையை விட்டவன். அப்படிக் கொடுத்த தலைமையாசிரியரை இன்றும் மன்னிக்கவில்லை. அப்படிப்பட்ட என் பத்திகளை ஒரு கப்பல் கிளார்க் வெட்டுவது முதல் மாதத்திலிருந்தே எனக்கு உறுத்தலாக இருந்தது. உறுத்தினாலும் சனிக்கிழமை தவறாமல் போனேன். அவர் இல்லாத மேசையில் எனக்குப் பேச்சு ஓடாது.

மார்சிலிங்கிலிருந்து செல்வம் என்ற வெல்டர் ஒருமுறை எங்களைத் தேடி வந்தார். மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படிக்க வேண்டும், இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். தேடல் பொறியில் என்ன போட்டாலும் பயிற்சி நிலைய விளம்பரங்கள்தான் வருகின்றன என்றார். பாய் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “தம்பி, மொதல் பக்கத்துல நிக்கிறவன் கடைக்காரன். அவன் கூப்பிடத்தான் செய்வான். நீங்க ரெண்டாம் பக்கம், மூணாம் பக்கம்னு நடங்க. வாத்தியாரு உள்ள தள்ளித்தான் உக்காந்திருப்பாரு.” இரண்டு மணி நேரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடங்களையும் பழைய வினாத்தாள்களையும் தமிழில் விளக்கம் சொல்லும் காணொளிகளையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். “இவ்வளவும் சும்மாவா கெடக்கு?” என்றார் செல்வம். “சும்மா கெடக்குறதுனாலதான் யாரும் குனிஞ்சு எடுக்கல” என்றார் பாய்.

இனி எங்கள் சண்டை. துறைமுகத் தொழிலாளர்களுக்காக ஒரு காலத்தில் இங்கே நடந்த மாலைப் பள்ளியைப் பற்றி நான் கட்டுரை எழுதினேன். அதைத் தொடங்கியவர் என் தந்தை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். என் அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். அப்பா சாதாரண எழுத்தராக இருந்து, ஒரு சால்வைகூடப் போர்த்தப்படாமல் இறந்தவர். அவரோடு இருந்தவர்கள் மேடை மேடையாக ஏறினார்கள். அந்த வரி எனக்கு வெறும் தகவல் அன்று. அவருக்கு வரவேண்டிய சால்வையை நானே போர்த்தியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த வரியைக் காணோம். ‘ஆதாரம் தேவை’ என்ற குறிப்புடன் பாய் நீக்கியிருந்தார்.

“பழைய பத்திரிகையெல்லாம் இணையத்துல வந்துருச்சு தம்பி. தேடிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அப்பா பேரைப் போட்டா ஒண்ணுமே வரல.”

“தேடுற பொட்டி இல்லன்னு சொன்னா இல்லன்னு அர்த்தமில்ல. பழைய தமிழ் அச்சு அதுக்குப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான். பக்கம் பக்கமாப் பொரட்டணும்.”

“எதுக்குப் பொரட்டணும் பாய்? நானே சொல்றேன். எங்க அப்பாவுக்கு நான்தான் ஆதாரம்.”

“நீங்க ஆதாரம் இல்ல தம்பி. நீங்க மகன்.”

அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது மேசையில் இருந்த ஆறு பேர் முன்னால் விழுந்த அறையாக இருந்தது. “கப்பல்ல மூட்டை எண்ணினவருக்கு வரலாறு என்ன தெரியும்?” என்று கேட்டேன். பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் படியிறங்கினேன். குழுவிலிருந்து விலகினேன், அவர் எண்ணைத் தடுத்துவைத்தேன், கலைக்களஞ்சியத்திலிருந்து வரும் அறிவிப்புகளையும் நிறுத்தினேன். கோபத்தில் செய்கிற காரியங்களை மட்டும் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

இடையில் ஒரே ஒருமுறை அவரைப் பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இருக்கும். பாசிர் ரிஸ் நிலையத்தில் புறப்பட நின்ற ரயிலில் நான் உட்கார்ந்திருந்தேன். நடைமேடையில் வந்தவர் என்னைக் கண்டு கையை உயர்த்தினார். நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கதவு மூடியது. நிமிர்ந்தபோது அவர் கண்ணாடிக்கு வெளியே தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, மறு கை விரலால் அதைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தடுத்த எண்ணைத் திறக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பார்க்காதவனைப் போல இருந்துவிட்டேன்.

சந்தையில் ரேவதி கேட்டது இதுதான்: “அந்தப் பள்ளிக்கூடக் கட்டுரைய அப்புறம் நீங்க பாக்கவே இல்லையா? பாய் எழுதி வச்சு மூணு வருஷமாச்சு. நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். ‘வேணாம்மா, அவரே வருவாரு, தேடத் தெரிஞ்ச மனுஷன்’னு சொல்லிட்டாரு.”

செங்காங்கில் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். கட்டுரையில் என் தந்தையின் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு சிறிய எண். அதைத் தொட்டால் கீழே பத்திரிகையின் பெயர், நாள், பக்கம், பத்தி எல்லாம் சரக்குச் சீட்டைப் போல ஒன்றுவிடாமல் இருந்தன. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எனக்கு ஒரு குறிப்பு இருந்தது. அப்படியே தருகிறேன்:

“தம்பிக்கு ஸலாம். அப்பா பள்ளிக்கூடத்தைத் தொடங்கலை. தொடங்குனவங்க மூணு பேரு, பேரெல்லாம் செய்தியில இருக்கு. அப்பா அங்க வாரத்துக்கு மூணு நாள் வேலை முடிஞ்சு போயி, சம்பளம் வாங்காம எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்காரு. தொடங்குனவங்க ரெண்டாம் வருஷமே வேற வேலைக்குப் போயிட்டாங்க. அப்பா கடைசி வரைக்கும் இருந்திருக்காரு. படமும் கெடச்சுச்சு. பின்வரிசை, இடமிருந்து ரெண்டாவது ஆளு. பேரு போடலை, ஒங்க மூக்கை வச்சுக் கண்டுபிடிச்சேன். மூக்கு ஆதாரம் ஆகாது, அதனால கட்டுரையில சேக்கலை. கோவம் ஆறுனதும் பாருங்க.”

இணையத்தில் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இருக்கும் இடத்துக்கு நானும் போனேன். தேடல் பெட்டியில் அப்பாவின் பெயரை இட்டேன். இன்றும் ஒன்றும் வரவில்லை. பாய் எத்தனை நாள் உட்கார்ந்து, கண்புரை எடுத்த கண்ணோடு எத்தனை பக்கம் புரட்டினார் என்று யாருக்கும் தெரியாது. அவர் குறித்திருந்த பக்கத்தைத் திறந்தேன். பின்வரிசையில், இடமிருந்து இரண்டாவதாக, என்னைவிட இளையவராக அப்பா நின்றிருந்தார். அந்த மூக்குதான். குறிப்புக்குக் கீழே ‘பார்த்தேன் பாய்’ என்று எழுதினேன். அந்தத் தளம் எல்லாவற்றுக்கும் நாளும் நேரமும் போட்டுவிடும். அவர் குறிப்புக்கும் என் பதிலுக்கும் இடையிலான மூன்று வருடத்தை யாரும் எண்ணிக்கொள்ளலாம்.

பாயைப் பற்றி அங்கே ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவில் சிலர் கேட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தேன், பக்கம் பக்கமாகவே. அவரைப் பற்றி அச்சில் ஒரு வரி இல்லை. அவர் விதிப்படி அவருக்கே அங்கே இடமில்லை. ஆனால் இந்த மலர் அச்சாகிறது, இரண்டு பிரதிகள் நூலகத்துக்குப் போகும் என்று ரேவதி சொல்கிறார். ஆகவே எழுதுகிறேன்: நூருதீன், ஓய்வுபெற்ற சரக்கு கிளார்க். சிராங்கூன் ரோட்டில் சனிக்கிழமைதோறும், கேட்டவர்க்கெல்லாம் தேடக் கற்றுக்கொடுத்தார். சம்பளம் வாங்கவில்லை. கடைசி வரை இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ‘ஆதாரம் எங்கே’ என்ற அந்த ஒரு கேள்வியைத்தான். நாளை யாராவது இந்த வரிகளுக்கு ஆதாரம் கேட்டால் இந்தப் பக்கத்தின் எண்ணைக் கொடுங்கள். எழுதியவன் அவருக்கு உறவில்லை. நான்கு வருடம் அவரோடு பேசாமல் இருந்தவன். வேண்டியவன் எழுதியது என்று யாரும் நீக்க முடியாது.