அக்கா துடைத்த ஆறு டப்பாக்கள்

தையற்கடைக்கு அளவு கொடுக்க யார் வந்தாலும், நாடா தோளிலிருந்து மணிக்கட்டுக்குப் போவதற்குள் அளவெடுக்கும் அக்காவுடைய தம்பியைப் பற்றித் தெரிந்துகொண்டுவிடுவார்கள்.

"தியேட்டர்ல மெஷின் ஓட்டுறானே, அவன் என் தம்பிதான். அவன் இல்லேன்னா அத்தனை பேரும் இருட்டுல சும்மா உக்காந்துட்டு வீட்டுக்குப் போகணும்" என்பாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். எதையும் இரண்டு தடவை அளந்துதான் வெட்டுவாள். வீட்டில் உப்பு டப்பாவிலும் 'உப்பு' என்று எழுதி ஒட்டியிருக்கும். "வாயில போட்டுப் பாத்தா தெரியாதாக்கா?" என்று தம்பி கேலி செய்வான்.

தம்பிக்கு வெகுநாளாக ஓர் ஆசை. ஞாயிறு காலையில் பூட்டிக்கிடக்கும் தியேட்டரில் பழைய படங்கள் போட வேண்டும். எந்தப் படம் என்பதைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வருஷம் நச்சரித்த பிறகு மானேஜர் இறங்கிவந்தார்.

"ஒரே ஒரு ஞாயிறு. வாசல்ல சீட்டும் பென்சிலும் ஒரு பெட்டியும் வைக்கிறேன். பாக்குறவங்க நல்லா எழுதினா வாராவாரம் உன் இஷ்டம். இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

தம்பி தேர்ந்தெடுத்தது ஹாலிவுட்டின் பழைய காட்டுப் படம். கறுப்பு வெள்ளை. காணாமல்போன அண்ணனைத் தேடி ஒரு பெண் காட்டுக்குள் போகிறாள். துணைக்கு ஒரு துப்பாக்கிக்காரன், வழிகாட்ட ஒரு நரைத்தாடிக்காரர். ஆறு சுருள்களும் ஆறு தகர டப்பாக்களில் சனிக்கிழமை மாலைதான் வந்து சேர்ந்தன. மாலைக் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் வந்த சுருள்களை ஓட்டிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா டப்பாக்களைப் பார்த்து முகம் சுளித்தாள். "இந்த அழுக்கையாடா கையால தொடப்போறே?" மூடிகளைக் கழற்றி, துணியில் எண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்து, மறுபடி மூடி, பளபளவென்று அடுக்கிவைத்துவிட்டுப் போனாள். எத்தனையாவது சுருள் என்ற எண் மூடியில் மட்டும்தான் இருந்தது. சுருளின் முனையில் இருந்த எண்கள் ஓடி ஓடி எப்போதோ அறுந்துபோயிருந்தன.

ஞாயிறு காலை அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். அக்கா நாலாவது வரிசை. இரண்டு சுருள் ஓடி முடிந்ததும் திடீரென்று நரைத்தாடிக்காரரைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். குழியருகே நாயகி அழுதாள். அவளுடைய சட்டையின் இடது கை முழங்கைவரை கிழிந்து தொங்கியது.

"இவர் எப்போ செத்தார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீ தூங்கியிருப்பே" என்றது இன்னொன்று.

அடுத்த சுருளில் தாடிக்காரர் சிரித்துக்கொண்டே தெப்பம் தள்ளினார். பக்கத்தில் நாயகி. சட்டையின் இடது கை முழுசாக இருந்தது. அக்கா சீட்டு நுனிக்கு நகர்ந்து பார்த்தாள். தைத்திருந்தால் தையல் தெரிய வேண்டும். இது கிழியவே கிழியாத கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முள்செடி அதைக் கிழித்தது. சற்று நேரத்தில் முதலை வந்து தாடிக்காரரைக் கடித்துக் கொன்றது.

மூன்றாம் சுருளும் நாலாம் சுருளும் மாறிவிட்டன. மாற்றியது யார் என்பதும் தெரிந்துபோயிற்று. நேற்று தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த மூன்று, நாலு என்ற இரண்டு மூடிகள் அவள் கண்முன் வந்தன. அவன் ஒரு வருஷம் கேட்டு வாங்கிய ஞாயிறு, அவளுடைய துணியில் துடைபட்டுப் போகப் பார்த்தது.

படம் முடிந்ததும் எல்லாரும் வாசலில் நின்று எழுதினார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்து சீட்டின் இரண்டு பக்கமும் எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டாள்.

மானேஜர் தன் அறையில் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். தம்பி எதிரே நின்றான், அக்கா கதவோரம்.

"'முதலை ரப்பர். வயிற்றில் ஒட்டு தெரிகிறது. ஆனாலும் பயந்தேன்.'"

"'தூங்குகிற சிங்கத்தை எழுப்பிச் சண்டை போடுவது ஒரு வீரமா?'"

"'யானை நன்றாக நடித்தது. கதாநாயகன் அதனிடம் கற்றுக்கொள்ளலாம்.'"

"'காட்டு மக்களைப் பேசவே விடவில்லை. அது அவர்கள் காடுதானே?'"

"'தாடிக்காரரைப் புதைத்த பிறகு சாகவிட்டார்கள். இந்தத் துணிச்சல் இப்போது யாருக்கு வரும்!'"

மானேஜர் நிமிர்ந்தார். "புதைச்ச பிறகா? என்னத்தடா ஓட்டினே?"

தம்பியின் முகம் வெளுத்தது. "மூடியில இருந்த நம்பர்படிதான் சார் போட்டேன்."

அடுத்த சீட்டு அவளுடையது. "'மூன்றும் நான்கும் மாறிவிட்டன. டப்பாக்களைத் துடைத்து மூடிகளை மாற்றியது நான். அத்தாட்சி, நாயகி சட்டையின் இடது கை. ஆபரேட்டர் எண்ணைப் பார்த்துத்தான் போட்டார். படம் நன்றாக இருந்தது. முதலை வந்தபோது முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன். இப்படிக்கு, ஆபரேட்டரின் அக்கா.'"

மானேஜர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அறுபத்துமூணு பேர்ல ஒரே ஒருத்தங்க கண்டுபிடிச்சிருக்காங்க. அதுவும் செஞ்சவங்களே!" தம்பியிடம் திரும்பினார். "சுருளை ஓட்டிப் பாக்காதது உன் தப்பு. ஆனா நல்லா இல்லேன்னு ஒருத்தர்கூட எழுதலை. அடுத்த ஞாயிறும் இதே படம், இந்தத் தடவை ஒழுங்கா. அப்புறம் வாராவாரம் உன் இஷ்டம்."

தெருவில் இறங்கியதும் தம்பி கேட்டான். "எப்படிக்கா? அந்தக் கை கிழிஞ்சதே எனக்குத் தெரியலையே!"

"உன் சட்டை கிழிஞ்சாவது என்னிக்காவது உனக்குத் தெரிஞ்சிருக்கா?"

அன்று மாலையே அவள் பெயின்ட் வாங்கிப்போய் மூடி, பக்கம், அடி என்று ஒவ்வொரு டப்பாவிலும் மூன்று இடத்தில் எண் எழுதினாள். மறுநாள் கடையில் ஒருவருக்கு அளவெடுக்கும்போது கதை கொஞ்சம் நீண்டுவிட்டது. "படத்தைத் தேர்ந்தெடுக்கிறதே இனிமே அவன்தான்" என்று சொல்லி முடித்தபோது நாடா மணிக்கட்டைத் தாண்டி விரல்நுனியில் நின்றது. மறுபடியும் தோளிலிருந்து அளக்கத் தொடங்கினாள்.