கொடுவாவுக்கு எறிந்த இறகு

கொடுவா பிடிக்க மண்புழு வேண்டாம், இறாலும் வேண்டாம், ஒரு சேவலின் கழுத்து இறகு போதும் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் பிறகு என் மீனில் துண்டு வாங்கித் தின்றவர்கள்தான். இதை இப்போது சொல்லிக்காட்டுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அறுபதுகளில் நான் மட்டக்களப்பில் பள்ளிக்கூட ஆசிரியை. வீடு வாவிக்கரையில். அப்பா வேலை பார்த்த கந்தோரில் இருந்த வெள்ளைக்காரப் பொறியியலாளர் சீமைக்குத் திரும்பும்போது தன் தூண்டில் தடியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சுவரில் மாட்டியதோடு சரி. அவர் காலமான பிறகு நான் அதைக் கழற்றினேன். கற்றுத்தர ஆளில்லை. இறகுக்கு ஏது பாரம்? கனமெல்லாம் நூலில்தான். தடியைப் பின்னால் வீசி, நூல் முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் விட வேண்டும். அவசரப்பட்டால் இறகு கட்டிய தூண்டில் முள் காதைக் கிழிக்கும். எனக்குக் கிழித்திருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் மரத்தின் வேருக்குப் பக்கத்தில் விழுந்த இறகை மெல்ல இழுத்தால், கொடுவா ‘டப்’ என்று வந்து அடிக்கும். அந்தச் சத்தத்துக்காக எதையும் விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதை விட வேண்டி வரும் என்று யோசித்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்த ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. தாயாரை அழைத்துக்கொண்டு சம்பந்தம் பேச வந்தார். எங்கள் ஊர் வழக்கில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். அதனால் அவருடைய தாயார் கிணறு, குசினி, கூரை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார். தடியை ஒளித்துவைக்கும்படி அம்மா காலையிலேயே கெஞ்சியிருந்தார். நான் ஒளிக்கவில்லை; எப்போதும்போல் சுவரிலேயே மாட்டியிருந்தேன்.

“இது ஆருட?” என்று சுவரைக் காட்டிக் கேட்டார் தாயார்.

“என்ட, மாமி.”

“பொம்பிளப் புள்ள தூண்டில் பிடிச்சா ஊர் என்ன சொல்லும் மகள்? கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில இது கூடாது.”

வந்து இன்னும் தேத்தண்ணி கூடக் குடித்து முடியவில்லை, அதற்குள் சட்டம்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“மாமி, உங்கட மகன்தான் இந்த வீட்டுக்கு வரப்போறார். நான் எங்கயும் போகல்ல. என்ட வீட்டில இது இருக்கும்.”

அம்மா என் கையைக் கிள்ளினார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு சொல், ஒரேயொரு சொல் எனக்காகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நான் பிடித்த கொடுவாத் தலைக்கு உயிரை விடுகிறவர் அவர். கோப்பையைப் பார்த்தபடி, “அம்மா சொல்றதும் சரிதானே,” என்றார்.

“அப்ப இந்தக் கல்யாணம் வேணாம்,” என்றேன்.

அவர்கள் படியிறங்கியதும் தடியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்னால் போனேன். உடுத்தியிருந்த நல்ல சேலையோடு முழங்கால் தண்ணீரில் நின்று வீசினேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வீச்சு கண்டல் கிளையில் சிக்கியது. அதை அறுத்துவிட்டு வேறு இறகு கட்டினேன். அக்கம்பக்கத்துச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

அம்மா கரைக்கு வந்து நின்றார்.

“உள்ள வா புள்ள. நீ அழுறத சனம் பார்க்குது.”

“ஓம் அம்மா, அழுறன்தான்,” என்றேன். “அவருக்காகத்தான் அழுறன். அதுக்காகத் தடியக் கீழ வைக்க ஏலாது.”