மாடியக்காவுக்கு ஓர் இ-ரீடர்

பன்னிரண்டரைச் சங்கு ஊதியதும் மாடியக்கா கொக்கியை உயரே ஏற்றி நிறுத்துவார். விசையை அணைத்துவிட்டு வலது கையுறையை மட்டும் கழற்றுவார். அது சாப்பிடும் கை. இடது கையுறை அப்படியே இருக்கும். அது படிக்கும் கை. “ரெண்டையும் கழட்டிட்டா வீட்டுல இருக்கிற மாதிரி ஆயிடும் சார். ஒரு கையாவது வேலையில இருக்கணும்” என்பது அவர் கொள்கை.

எங்கள் கட்டடத்தின் டவர் கிரேனை ஓட்டுபவர் அவர். எண்பது மீட்டர் உயரத்தில், நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார். ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும் என்பதால் மதியத்தில் இறங்குவதில்லை. அந்த நாற்பது நிமிடமும் அவருடையது. பத்து நிமிடம் சாப்பாடு, இருபத்தைந்து நிமிடம் நாவல். கடைசி ஐந்து நிமிடம் வாக்கி டாக்கியில் கதை.

கதை கேட்பவர் கீழே நின்று சுமையை மாட்டிவிடும் கொக்கிக்காரர். வயது ஐம்பத்தெட்டு. அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வேலைக்கான அலைவரிசையில் கதை பேசக் கூடாது. பாதுகாப்பு அதிகாரி நான்தான். அந்த ஐந்து நிமிடமும் எனக்குக் காது மந்தம்.

மாடியக்காவின் கணவருக்கு நூலகத்தில் வேலை. கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடுகிறவர். இந்த அம்மாளோ பழைய புத்தகக் கடையில் தடித்த நாவலாகப் பார்த்து வாங்கி, கத்தியால் முதுகைக் கீறி, பதினாறு பதினாறு பக்கமாகப் பிரித்துவிடுவார். “அறுநூறு பக்கத்தை இடுப்புல கட்டிக்கிட்டு ஏணி ஏற முடியுமா? இன்னைக்குத் தேவையானது இன்னைக்கு.” கணவர் இதை என்னிடம் ஒருமுறை முறையிட்டார். “நான் அங்க தைக்கிறேன், இவ இங்க அறுக்கிறா சார். சொந்தப் புத்தகம்கிறதால சும்மா இருக்கேன்.”

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மதியம் காற்று சுழற்றி அடித்தது. மாடியக்கா சன்னலைக் கொஞ்சம் திறந்தார். பதினாறு பக்கமும் வெளியே பறந்தன. ஒரு தாள் ஈரக் கான்கிரீட்டில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றவர் முகத்தில் அப்பியது. அவர் கண் தெரியாமல் காற்றில் கையைத் துழாவியதை நான் கீழிருந்து பார்த்தேன். கம்பி கைக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்?

கேபினுக்குள் தாளோ புத்தகமோ கூடாது என்று மறுநாளே உத்தரவு போட்டேன். கைபேசிக்கு முன்பே தடை. மாடியக்கா உத்தரவைப் படித்துவிட்டு, “சரி சார். தப்பு என்னுதுதான்” என்று கையெழுத்துப் போட்டார். ஏதாவது சண்டை போட்டிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு மதியங்களில் வாக்கி டாக்கி ஊமையாகிவிட்டது. “மேல என்ன பண்றீங்கக்கா?” என்று கொக்கிக்காரர் கேட்டால், “ஊரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்ணே” என்று பதில் வரும். மூன்றாவது வாரம் மாடியக்கா என் அறைக்கு வந்தார். “சார், தாள் இருக்காது. அதுல போன் பேச முடியாது. கயித்துல கட்டிக்கலாம். அப்படி ஒண்ணு இருந்தா மேல கொண்டு போலாமா?”

மின்னூல் படிக்கும் இ-ரீடரைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை நானும் மாடியக்காவோடும் அவர் கணவரோடும் கடைக்குப் போனேன்.

முதல் கடைக்காரர் பளபளவென்று ஒரு டேப்லெட்டை நீட்டினார். “இதுல படம் பார்க்கலாம், விளையாடலாம், முகம் பார்த்துப் பேசலாம்மா.”

“இது எதுவுமே பண்ணத் தெரியாத ஒண்ணு குடுங்க தம்பி.” இருந்தாலும் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். “என் மூஞ்சிதான் தெரியுது. இதை வீட்டுலயே பார்த்துக்குவேன்.”

இரண்டாவது கடையில் கறுப்பு வெள்ளைத் திரை. வெயிலில் அச்சுத்தாள் போலவே இருந்தது. ஆனால் தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு வரியின் கடைசியில் நிற்கிறது, அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. கணவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “எழுத்தையே கிழிச்சு வச்சிருக்கான். இதை நான் எப்படித் தைக்கிறது?”

மூன்றாவது கடையில், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய மாடல் வந்தது. உள்ளங்கைக்கு அடக்கம். தமிழ் ஒழுங்காக இருந்தது. பக்கம் திருப்ப ஓரத்தில் இரண்டு பொத்தான்கள். மாடியக்கா கைப்பையிலிருந்து இடது கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு அழுத்தினார். பக்கம் திரும்பியது. மறுபடி அழுத்தினார். அப்புறம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் பேட்டரியைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

“இதுதான். முடிஞ்சுது” என்றார் கணவர் என்னிடம் மெதுவாக.

“அவங்க ஒண்ணும் சொல்லலையே?”

“கடைக்காரர் பேசறது காதுல விழல பாருங்க.”

கணவர் அதற்குக் கித்தான் துணியில் உறை தைத்து, மூலையில் வளையம் வைத்து, கயிறும் கோத்துக் கொடுத்தார். நான் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்துவிட்டு அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்டேன். அவர்கள் வீட்டில் இப்போது எந்தப் புத்தகமும் அறுபடுவதில்லை. மதியம் ஒரு மணி ஆனதும் கொக்கிக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாக்கி டாக்கியைக் காதோடு வைத்துக்கொள்கிறார்.

போன வியாழக்கிழமை ஒரு நாவல் முடிகிற நாள். எனக்கும் நடுவிலிருந்து கதை தெரியும்.

“அப்புறம்? அவ கதவைத் தொறந்தாளா இல்லையாக்கா?”

“இதை நான் சொன்னா நல்லா இருக்காதுண்ணே. நீங்களே படிக்கணும்.”

“நல்ல ஆளு நீங்க. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன், நான் எங்க படிக்க?”

சிறிது நேரத்தில் கிரேனின் மோட்டார் உறுமியது. நான் கீழே நின்றவர்களை விலக்கினேன். எட்டு டன் தூக்கும் கொக்கி, கேபினில் கருவிகள் வைக்கும் மூடி போட்ட ஒரு சின்ன வாளியைச் சுமந்துகொண்டு, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோல இறங்கி வந்தது. கொக்கிக்காரர் மூடியைத் திறந்தார். உள்ளே இ-ரீடர் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. கடைசி அத்தியாயம் திறந்திருந்தது. பக்கத்துக்கு ஏழே வரி வரும்படி எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பியிருந்தார்.