ஏரிக்காக நான் எழுதிய மனு

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்றாம் வருஷம் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். நகல் எடுக்க வருகிறவர்களைவிட மனு எழுதித்தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். பென்ஷன், பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது. நான் எழுதிய மனுக்களில் பாதிக்கும் மேல் ஒன்றும் நடக்காமல் போயிருக்கின்றன. நடந்துவிட்ட ஒரு மனுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் ஊர் அரியலூருக்கு மேற்கே, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காடு. மழை பொய்த்தால் அந்த மண் கை நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். தொடர்ந்து இரண்டு வருஷம் பொய்த்தது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. ஐந்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும், அதுவும் ஆளுக்கு நாலு குடம். ஏரி நிறைந்தால் போர் ஊறும். ஆனால் ஏரிக்கு வரும் வாய்க்கால் ஊருக்கு மேற்கே ஓரிடத்தில் வாய்க்காலாகவே இல்லை. லாரிகள் வைத்திருந்த ஒருவர் அதைத் தூர்த்துத் தன் வயலோடு சேர்த்து மக்காச்சோளம் போட்டிருந்தார். ஊருக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள். என் கணவருக்கு அவர் பெரியப்பா முறை.

பேசியது ஏரிக்கரை அக்காதான். புருஷன் செத்தபிறகு பங்காளிகள் வீட்டைவிட்டு அனுப்பிவிட, ஏரிக்கரையின் தென்கோடியில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக இருந்தவர். பருத்தி எடுக்கப் போவார், இரண்டு ஆடு வளர்த்தார். குழாயடியில் சண்டை முற்றிய ஒருநாள் பத்துப் பதினைந்து பெண்களைத் திரட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"ரோட்டுல குடத்த வச்சிக்கிட்டு உக்காந்தா ரெண்டு நாளு லாரியில தண்ணி வுடுவான். அப்பறம்? வாய்க்கால வெட்டச் சொல்லி எழுது பாப்பா. கலெக்டர் ஆபீசுக்கே போயிடுவோம்."

எழுத உட்கார்ந்தேன். இன்ன சர்வே எண்ணில், இன்னார் வாய்க்காலைத் தூர்த்திருக்கிறார் என்று எழுதவேண்டும். கை ஓடவில்லை. பெரியப்பாவின் பேரை நானே எழுதினேன் என்று தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால், 'ஏரியிலும் வரத்து வாய்க்காலிலும் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் அகற்றித் தருமாறு' என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது அக்கா கேட்டார்.

"அவரு வயலுன்னு எழுதலியா?"

"எல்லாம் அதுலயே அடங்கிரும்க்கா."

நம்பினார். முதல் கையெழுத்து அவருடையது. கோணல்மாணலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார்.

திங்கட்கிழமை எல்லோரும் பஸ் ஏறிப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆச்சரியமாக, அடுத்த மாதமே சர்வேயர் வந்தார். வாய்க்காலை அளந்து கல் நட்டார். பெண்கள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு அவர் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நோட்டீஸ் வந்தன. ஒன்று பெரியப்பாவுக்கு. இன்னொன்று அக்காவின் தகரக் கதவில் ஒட்டியிருந்தது. அதைக் கிழியாமல் பிய்த்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"என்னா பாப்பா இது, எம் பேரு போட்டுருக்கு?"

ஏரி இடத்தில் போட்டிருக்கும் கொட்டகையைக் காலி செய்யவேண்டும் என்று இருந்ததைப் படித்துச் சொன்னேன். நோட்டீஸை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"வாய்க்காலுக்குத்தான நாம எழுதுனோம்?"

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கோபப்படவில்லை. கோப்பைப் பிரித்து, என் கையெழுத்தில் இருந்த அந்த வரியின் கீழ் பேனாவை வைத்துக் காட்டினார்.

"அனைத்துன்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க? நான் ஒன்ன விட்டுட்டு ஒன்ன எடுக்க முடியாது. நீர்நிலைப் புறம்போக்குல பட்டாவும் தர முடியாது. வேற எடத்துல மனை கேட்டு மனு குடுங்க, பாப்போம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். பெரியப்பாவின் பேரை ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

பெரியப்பா வக்கீல் வைத்து ஸ்டே வாங்கிவிட்டார். அக்காவுக்கு யாரும் வக்கீல் வைக்கவில்லை. ஜேசிபி வந்த காலையில் நானும் போய் நின்றேன். பாத்திரங்கள், ஒரு டிரங்குப் பெட்டி, தையல் விட்ட ஒரு பாய், ஆடுகள். ஏற்கெனவே எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தகரத்தைச் சாய்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட பெண்களில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். "ஏரி நல்லாருக்கணும்னா என்னா பண்றது" என்றாள் ஒருத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. ஆடுகளை அன்றைக்கே விற்றுவிட்டு அக்கா அரியலூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. மேற்கிலிருந்து வந்த தண்ணீர் பெரியப்பா வயல் வரப்பில் முட்டி, திரும்பி, ரோட்டைக் கடந்து ஓடையில் விழுந்து எங்கோ போயிற்று. ஏரியில் மழைத் தண்ணீர் மட்டும் கெண்டைக்கால் அளவு நின்று, தை பிறக்குமுன் வற்றிவிட்டது. வீட்டில் பெரியப்பா பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவேன். அதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. இன்னொரு மனு எழுதியிருக்கலாம். பேர் போட்டு, சர்வே எண் போட்டு. எழுதவில்லை.

போன சித்திரையில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். நன்றாக மெலிந்திருந்தார். ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுவதாகவும், தங்கை வீட்டில் இடம் பத்தாமல் ஓட்டல் பின்கட்டிலேயே படுத்துக்கொள்வதாகவும் சொன்னார். என் பிள்ளைகளை விசாரித்தார். பிறகு கேட்டார்.

"ஏரிக்குத் தண்ணி வந்துச்சா பாப்பா?"

"வந்துச்சுக்கா. பாதி ஏரி நெறஞ்சுது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைத் தட்டினார்.

"எங்க ஊரு ஏரிக்குத் தண்ணி வந்துருச்சாம். நாங்கதான் மனு குடுத்தோம்."